திறப்பு ஆரிட்ட?

வெள்ளவத்தை காலி வீதியில், துணிக்கடைகளுக்கு நடுவே ஒரு மாடிப்படியின் கீழ், பூட்டுகளுக்குத் திறப்பு வெட்டுகிறவர் ஒருவர் இருக்கிறார். இன்று காலை அவருடைய சின்ன இயந்திரம் பித்தளையைச் சுரண்டத் தொடங்கியதும் சூடான உலோகத்தின் மணம் எழும்பியது. மழைக்கு முந்திய கடற்காற்று அதோடு சேர்ந்துகொண்டது. நான் எதற்காக அங்கே நிற்கிறேன் என்பதே மறந்துபோய், ரயிலில் எனக்கு எதிர் ஜன்னலில் நீர் உட்கார்ந்து கடலைப் பார்ப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“மிஸ், யதுரு தெகக்த?” இரண்டு திறப்பா என்று கடைக்காரர் சிங்களத்தில் கேட்ட பிறகுதான் வெள்ளவத்தைக்குத் திரும்பி வந்தேன்.

நம்முடையது ஒரே ரயிலால் வந்த சிநேகம். அரசாங்கம் நிலம் கொடுக்கும்; கம்பனி அதில் கட்டி, நெடுங்காலம் நடத்தி, பிறகு திருப்பிக் கொடுக்கும். அப்படியான வேலைகளில் நீர், கம்பனியைத் தெரிவுசெய்யும் அரசாங்கப் பெறுகைக் குழுவில் இருந்தீர். நான் கம்பனியின் ஒப்பந்தப் பிரிவில். மேசையில் எதிரெதிரே இருந்தால் ஒருவரையொருவர் ‘நீங்கள்’ என்போம். கோட்டை நிலையத்தில் ரயிலுக்கு ஏறியதும் அது ‘நீர்’ ஆகிவிடும். ‘நீ’ வரைக்கும் நாம் போகவேயில்லை. போக நேரம் இருக்கிறது என்று நினைத்திருந்தேன்.

கம்பனிகளிடம் விலை கேட்டுக் கேள்விமனு கோரும் காலத்தில் மட்டும் இரண்டுமில்லை. “நாளைக்குப் பேப்பரில கேள்வி வருது. இனி எனக்கு உம்மைத் தெரியாது” என்று சொல்லிவிட்டு, அடுத்த நாள் முதல் எதிர் ஜன்னலுக்குப் போய்விடுவீர். வேலையைப் பற்றிக் கதைக்காதே என்றுதான் சட்டம் சொன்னது. நீர் அதை வானிலை வரைக்கும் நீட்டினீர். ஒருமுறை நான் சண்டைக்கு வந்தபோது, “மழை வரும்போல கிடக்கு எண்டு துடங்கினா, அது எங்க போய் முடியும் எண்டு ஆருக்குத் தெரியும்?” என்றீர். இப்படி ஒரு விசரியோடு சிநேகம் பிடித்தேனே என்று எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் வந்தன.

ஆனாலும் அந்தப் பேச்சில்லாத பயணங்களைத்தான் இப்போது அதிகம் கனவு காண்கிறேன். கடல் மங்கலாக, கரையில்லாததுபோல் கிடக்கும். ரயில் தண்ணீரின் மேலேயே போகிறதோ என்று தோன்றும். ஒரு நாள் பெரிய அலையொன்று பாறையில் அடித்து, ஜன்னலால் உள்ளே வந்து நம் இருவரையும் நனைத்துவிட்டது. இருவரும் ஒன்றாகச் சிரித்துவிட்டோம். உடனே, சிரிப்பும் விதிக்குப் புறம்பு என்று ஞாபகம் வந்தவரைப்போல் நீர் முகத்தைத் திருப்பிக்கொண்டீர். உமது தோள் மட்டும் நெடுநேரம் குலுங்கிக்கொண்டிருந்தது.

முடிவு அறிவித்த மறுநாள் கடலைப் பையோடு வந்து பக்கத்தில் உட்காருவீர். “இப்ப சொல்லும், அம்மாவின்ர முழங்கால் எப்பிடி?” மாதக்கணக்காக எனக்கென்று சேர்த்துவைத்திருந்த கேள்விகள் ஒவ்வொன்றாக வரும். எதையும் நீர் மறந்ததில்லை.

கொட்டாஞ்சேனை பஸ் நிலைய வேலை எங்கள் கம்பனிக்குக் கிடைத்ததும் அப்படித்தான் கடலையோடு வந்தீர். பழைய பஸ் முற்றத்துக்குப் பின்னால் ஓர் ஒழுங்கை இருந்தது. ஓட்டோகூட நுழையாத ஒடுக்கம். அங்கே யாருக்காவது வருத்தம் கடுமையாகி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டிவந்தால், கதிரையில் வைத்துத் தூக்கி, மதில் உடைவால் முற்றத்துக்குள் கொண்டுவந்துதான் ஓட்டோவில் ஏற்றுவார்கள். புதிய கட்டடத்தில் உடைவு இருக்காது. கதவு ஒன்று வரும், இரவில் பூட்டப்படும். ஒழுங்கைச் சனத்தோடு பேசிவிட்டு வந்து உமது குறிப்பில் தமிழில் எழுதினீர்: ‘கதவின் திறப்பு ஒழுங்கைப் பக்கம் இருக்க வேண்டும்.’

எங்கள் வரைபடக்காரர் சென்னையிலிருந்து வந்த பொடியன், நல்ல கெட்டிக்காரன். அடுத்த கூட்டத்துக்கு, கதவு ஒழுங்கைப் பக்கமாக அகலத் திறக்கும்படி அழகாகக் கீறிக்கொண்டு வந்து விரித்தான். நீர் வரைபடத்தைப் பார்த்தீர், அவனைப் பார்த்தீர், பிறகு என்னைப் பார்த்தீர். முதலில் சிரித்தது நான்தான்.

“திறப்பு எண்டா இதில்லைத் தம்பி” என்று கைப்பையிலிருந்து வீட்டுத் திறப்பை எடுத்து ஆட்டிக் காட்டினீர்.

“சாவியா? சாவின்னு எழுதியிருக்கலாமே மேடம்.”

“எங்களுக்கு அது வாயில வராது. ஆனா கீறினது வடிவாயிருக்கு, கதிரையோட வர லேசு. அது அப்பிடியே இருக்கட்டும். இப்ப திறப்புக்கு வருவம்.”

வந்தபோதுதான் சிரிப்பு நின்றது. வெளியாட்களிடம் திறப்புக் கொடுக்கக் கம்பனி ஒத்துக்கொள்ளவில்லை. களவு போனால் யார் பொறுப்பு, காப்புறுதிக்காரருக்கு என்ன சொல்வது என்று நான் எதிர்த்துக் கதைத்தேன். அது என் வேலை, நன்றாகத்தான் செய்தேன். காவலாளி எப்போதும் இருப்பார், கூப்பிட்டால் திறப்பார் என்றேன்.

“திறப்பு ஆரிட்ட?”

“கம்பனியிட்ட.”

“நாளைக்கு உங்கட கம்பனி கைமாறினா?”

நான் வரைவைப் புரட்டினேன். நீர் விடவில்லை. திறப்பு வாக்கியம் இல்லாமல் குழுவின் ஒப்புதல் வராது என்று தெரிந்ததும் எங்கள் பெரியவர் இறங்கிவந்தார். அப்போது ஒழுங்கைச் சங்கத் தலைவராக இருந்த நானாவின் பெயரை வரைவில் எழுதினோம். அதையும் சிவப்பு மையால் வெட்டினீர்.

“பேர் எழுதாதேங்கோ. ஆள் போயிடும், கதிரை இருக்கும்.”

‘அவ்வப்போது தலைமைப் பதவியில் இருப்பவரிடம்’ என்று மாற்றினீர். கம்பனி கைமாறினாலும், பூட்டு மாறினாலும் திறப்பு அவரிடம் போய்ச் சேர வேண்டும் என்று சேர்த்தீர். அந்த வாக்கியத்துக்குப் பாடுபட்டவர் என்று கூட்டக் குறிப்பில் உமது பெயரை நான் எழுதியிருந்தேன். அதற்கும் சிவப்புக் கோடுதான். ‘குழு’ என்று எழுதினால் போதுமாம். அந்த ஒப்பந்தத்தை இன்று எங்கே புரட்டினாலும் நீர் இல்லை.

பிறகு பேலியகொடைப் பக்கம் அடுத்த வேலைக்குக் கேள்வி கோரினார்கள். வெள்ளவத்தை நிலையத்தில் குடையை மடக்கிக்கொண்டே, “முடிஞ்சாப்பிறகு கதைப்பம்” என்றீர். எதிர் ஜன்னலில் நீர் மெலிந்துகொண்டே போனதைக் கண்டேன். உமது புதுக் கண்ணாடியால் முகம் அப்படித் தெரிகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறகு அந்த ஜன்னலில் வேறு யாரோ இருந்தார்கள். முடிவு அறிவிக்க முன்னரே நீர் போய்விட்டீர்.

எனக்கு உம்மில் கோபம்தான். உடம்புக்கு வருத்தம் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். அது எந்தக் கேள்விமனுவிலும் சேராது. செத்தவீட்டில் உம்மருகே நெடுநேரம் நின்றேன். அங்கேயும் வாய் திறக்கவில்லை, பழகிவிட்டது. அதன் பிறகு உமது பெயரை நான் யாரிடமும் சொன்னதில்லை.

நீர் அன்று பயந்ததுபோலவே பஸ் நிலையம் கைமாறியது. புதியவர்கள் என்னையும் சேர்த்து வாங்கிக்கொண்டார்கள். போன கிழமை முகாமையாளர் பூட்டுகளை எல்லாம் மாற்றினார். ஒழுங்கைக்குத் திறப்பு போகவில்லை. இரவில் ஒருவரைக் கதிரையோடு பெரிய வீதியைச் சுற்றிக்கொண்டு தூக்கிப்போனார்களாம். உயிர் தப்பினார். அந்த வாக்கியத்தைத் திறந்து முகாமையாளரின் மேசையில் வைத்தேன். “இதையெல்லாம் ஆர் போட்டது?” என்று முணுமுணுத்தார். பிறகு, கடிதம் எழுதிப் பார்த்துச் செய்வோம் என்றார். கடிதம் பிறகு போகட்டும், திறப்பு நாளைக்கே போக வேண்டும், நானே வெட்டிக் கொடுக்கிறேன் என்றேன். என் குரல் எனக்கே உமது குரல்போலக் கேட்டது.

அதனால்தான் இன்று காலை மாடிப்படியின் கீழ் நின்றேன். வெட்டி முடித்த திறப்பு உள்ளங்கையில் சுட்டது. அதை மூடிப் பிடித்துக்கொண்டே ரயிலில் கடல்பக்கம் உட்கார்ந்து போனேன். எதிர் ஜன்னல் வெறுமையாக இருந்தது. கடல் அன்றுபோலவே மங்கலாகக் கிடந்தது.

சங்கத்தின் இப்போதைய தலைவி ஓய்வுபெற்ற பள்ளிக்கூட ரீச்சர். கதவடிக்கு வந்து திறப்பைப் போட்டுப் பார்த்தார். ஒழுங்கைப் பக்கமாகக் கதவு அகலத் திறந்தது. சென்னைப் பொடியன் பிழையாக விளங்கிக்கொண்ட அதே திறப்பு.

“பிள்ளை, எங்களுக்கெண்டு இதை ஒப்பந்தத்தில போட்டது ஆர்?” என்று ரீச்சர் கேட்டார்.

‘குழு’ என்று வாய்வரைக்கும் வந்தது. பேலியகொடை வேலை எப்போதோ முடிந்துவிட்டது. கேள்விக் காலமும் முடிந்துவிட்டது. இனி உம்மைத் தெரியாது என்று நான் ஏன் நிற்க வேண்டும்? சொன்னேன். கதவடியில் நின்று உமது பெயரை முழுதாகச் சொன்னேன். ரீச்சர் அதைத் திருப்பி ஒருமுறை சொல்லிப் பார்த்தார்.

இந்த மடலில் அதை எழுதவில்லை. எழுதினால் நீ வெட்டிப்போடுவாய்.