நாறாத சரக்கு

ஜனவரி 21, ஞாயிறு

கடை திறக்கவில்லை. திறந்திருக்கலாம். வீட்டில் இருந்து என்ன கிழித்தேன்? ஞாயிறு என்றால் மாதா கோயில் பூசை முடிந்து சிலுவை வருவான், பீச் ரோட்டில் டீ குடிப்போம். சங்கு குளிக்கிறவனுக்கும் மருந்து விற்கிறவனுக்கும் எப்படியோ அமைந்த சிநேகம்.

போன வாரம் படகுத் துறையில் பத்துப் பேர் முன்னால் சொல்லிவிட்டான்: "அண்ணாச்சி, நீங்க விக்கிற படகு கழுவுற மருந்துதான் அடிச் சேத்தை நாற வைக்குது. சங்கெடுக்கக் கைய விட்டா நாத்தம் போவ மாட்டேங்கு."

"போலே, ஒரு வாரத்துல கரைஞ்சு காணாமப் போயிரும். டப்பால போட்டிருக்குல்லா?"

"டப்பால போட்டது நீங்கதான?"

எல்லாரும் சிரித்தார்கள். அந்த வரி நான் போட்டதுதான். மருந்து செய்கிற கம்பெனிக்காரன் வாயால் சொன்னான், அச்சடித்தேன்.

ஜனவரி 24

சென்னையில் ஒரு சோதனைக்கூடத்தில் பேசினேன். மருந்து தண்ணீரிலும் அடிச்சேற்றிலும் எப்படிச் சிதைகிறது என்று பார்த்துச் சொல்வார்களாம். ஞானசௌந்தரி என்று ஒரு மேடம். நம் துறைச் சேறும் அதே இடத்துத் தண்ணீரும் வேண்டுமாம். செலவு ஆகும். ஆகட்டும். அறிக்கையை அவன் மூஞ்சிக்கு நேரே நீட்ட வேண்டும்.

பெங்களூரிலிருந்து வடிவு பேசினாள். மருமகள் பிரசவத்துக்கு உதவி என்று போன என் வீட்டுக்காரி. பேரன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான்.

"சாப்பிட்டாச்சா?"

"ஆச்சு."

சாப்பிடவில்லை.

பிப்ரவரி 5

சேறு ஆகாதாம்! "சார், இதைக் காய வச்சீங்களா?" என்று மேடம் கேட்கிறார்.

பின்னே? கடை ஆள் சுடலைராஜிடம் நான்தான் சொன்னேன்: கரையில் அள்ளு, மாடியில் காய வை, சலித்துக் கட்டு. ஈரச் சரக்கை ஏற்றித் தண்ணீருக்கும் சேர்த்து லாரி வாடகை கொடுப்பவனா நான்? உடன்குடியில் கருப்பட்டி வாங்கி விற்று மேலே வந்தவன். ஈரம் பட்டால் சரக்கு போச்சு என்று பழகியவன்.

மேடம் சிரித்தார். சேற்றுக்குள் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் இருக்கின்றன, அவைதான் மருந்தைச் சிதைக்க வேண்டும். "வேலைக்காரங்களை எல்லாம் கொன்னுட்டுப் பட்டறையை மட்டும் அனுப்பியிருக்கீங்க சார்."

கடலடியில் போய், மேலாக விரலளவு எடுத்து, அங்குள்ள தண்ணீரோடு, குளிர்ச்சியாக அனுப்ப வேண்டுமாம். உறையவும் கூடாது.

கடலடியில் போய். யார் போவது?

பிப்ரவரி 6

நாலு பேரைக் கேட்டேன். "சிலுவையைக் கேளுங்க அண்ணாச்சி" என்கிறார்கள், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

பிப்ரவரி 8

சிலுவை வீட்டு வாசலில் கேனும் கையுமாக நின்றே விஷயத்தைச் சொன்னேன்.

"என்னைப் பொய்யனாக்க நானே சேறு எடுத்துத் தரணுமோ?"

"ஆமா."

கையை நீட்டினான். "கேனைத் தாங்க."

எடுத்துத் தந்தான். கூலி வாங்கவில்லை. வாங்கியிருந்தால் எனக்குத் தூக்கம் வந்திருக்கும்.

மார்ச் 14

சேறும் தண்ணீரும் மருந்துமாகக் கண்ணாடிக் குப்பிகள் இருட்டறையில் இருக்கின்றனவாம். முதல் கணக்கு வந்தது: தண்ணீரில் மருந்து ஏறக்குறைய இல்லை. இல்லவே இல்லை! "அவசரப்படாதீங்க சார், இன்னும் முடியல" என்றார் மேடம். யார் கேட்டார்கள்? கடையில் எல்லாருக்கும் மக்ரூன். சிலுவைக்கு ஒரு பெட்டி தனியாகக் கட்டினேன். யாரிடம் கொடுத்துவிடுவது என்று தெரியவில்லை. ராத்திரிச் சாப்பாடு அந்தப் பெட்டிதான்.

மே 2

லீவுக்கு வருவதாகச் சொன்ன வடிவு வரவில்லை. பேரனுக்கு நீச்சல் வகுப்பாம். கடலை விட்டுவிட்டு.

ஜூன் 12

முழு அறிக்கை. இங்கிலீஷ். மேடத்திடமே கேட்டேன்.

"தண்ணில இல்லைன்னா சிதைஞ்சுருச்சுன்னு அர்த்தமில்ல சார். முக்காவாசி அப்படியே சேத்துல இறங்கி உக்காந்துருச்சு. அங்க ரொம்ப மெதுவாத்தான் சிதையுது."

"அப்ப அந்த நாத்தம்?"

"அது உங்க மருந்து இல்ல. மருந்து ஊத்தாத குப்பியிலயும் சேறு அப்படித்தான் நாறுது. உங்க மருந்துக்கு வாசனையே கிடையாது."

போனை வைத்துவிட்டு, நாற்றத்தைப் பற்றிய பக்கத்தை மட்டும் தனியே எடுத்து வைத்தேன்.

சிலுவை சொன்னது நாற்றம். நாற்றம் என்னுடையது இல்லை. அந்த ஒரு பக்கத்தைக் காட்டினால் பத்துப் பேர் முன்னால் ஜெயித்துவிடலாம். மிச்சத்தை யார் கேட்கப் போகிறார்கள்? முங்கிப் பார்த்தாலும் தெரியாது, மோந்து பார்த்தாலும் தெரியாது. வியாபாரிக்கு இதைவிட வசதி உண்டா?

ஆனால் அவன் கை தினமும் அதற்குள்ளேதானே போகிறது — அவன் எதிரே உட்கார்ந்து நீ எப்படிலே டீ குடிப்ப என்று என்னையே கேட்டுக்கொண்டேன்.

ஜூன் 13

இருந்த டிரம் எல்லாவற்றையும் கம்பெனிக்கே திருப்பி ஏற்றச் சொன்னேன். "மீன்பிடித் தடை முடியுது, எல்லாப் படகையும் கழுவி இறக்குதாவ. இப்பப் போயா அண்ணாச்சி?" என்கிறான் சுடலைராஜ்.

"இப்பதாம்லே."

ஜூன் 16, ஞாயிறு

துறைக்குப் போனேன். அதே ஆட்கள். நாற்றம் என்னுடையது இல்லை என்றேன். மருந்து சேற்றில்தான் கிடக்கிறது, விற்பதை நிறுத்திவிட்டேன் என்றும் சொன்னேன்.

சிலுவை கேட்டான்: "அப்ப நாறுறது கடலோடது, நாறாதது ஒங்களோடது. அப்படித்தான?"

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் வந்துவிட்டது. ஆனாலும் அவன் டீக்கு எழுந்து வரவில்லை. தனியாகக் குடித்தேன்.

ஜூலை 7, ஞாயிறு

மேற்கே இருந்து கச்சான் காற்று, கடை முழுக்க மணல். வேறொரு கம்பெனி மருந்து பார்த்து வைத்திருக்கிறேன். சோதனை முடிந்துதான் விற்பனை. புது டப்பாவில், 'ஒரு வாரத்தில் கரையும்' என்ற வரி வருகிற இடம் வெறுமையாக இருக்கிறது.

பூசை விடுகிற நேரத்துக்குக் கடை வாசலில் சிலுவை. உள்ளே வரவில்லை.

"அடுத்த சேறு எப்ப எடுக்கணும்?"

"காத்து அடங்கட்டும்."

"அந்தக் கேன் எங்கிட்டயே இருக்கட்டும். இங்கன கெடந்தா ஒங்காளு அதையும் காயப் போட்டுருவான்."

வாசலோரம் கிடந்த கேனைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினான். டீக்கடைக்குத் திரும்புகிற முக்கில் நின்று, நான் கடையைப் பூட்டும்வரை கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.