இரண்டு விரற்கடை

பந்தலூர்
10-3-1973, சனிக்கிழமை

கர்த்தருக்குள் அன்பான தம்பி கொர்னேலியஸுக்குப் பொன்னுத்துரை எழுதுவது.

நானும் உன் அண்ணி சுப்பம்மாவும் கரை சேர்ந்தோம். தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாமில் பத்தொன்பது நாள் கிடந்து, இப்போது நீலகிரி மலையில் ஒரு லயத்துக் காம்பராவில், ஒற்றை அறையில் இருக்கிறோம். காடு வெட்டித் தேயிலை நடுகிற வேலை. மழை நம் சிலோன் தோட்டத்து மழைதான், அட்டையும் நம் அட்டைதான். கடைக்காரர் மட்டும் மலையாளத்தில் விலை சொல்கிறார், சுப்பம்மா தமிழில் திட்டுகிறாள். இருவருக்கும் நன்றாகவே புரிகிறது.

தேயிலை ஸ்டோரில் மிஷின் நின்றதும் நீயும் நானும் சபைக் கோயில் படியில் உட்கார்ந்து, "இந்த வாரம் எதை மறைத்தாய்?" என்று ஒருவரை ஒருவர் கேட்போமே, அந்த நேரம் இது. ஆறு வருஷம் ஒரு சனிக்கிழமை தவறவில்லை. உனக்கு நான் மூன்று வயது மூத்தவன், என்றாலும் என் குடியை நிறுத்தியது உன் கேள்விதான். அதனால் இங்கிருந்தும் பதில் எழுதுகிறேன். இந்த வாரம் மறைத்தது, உன்மேல் எனக்குள்ள கோபம்.

இந்தியாவுக்கு வரப் போட்ட பாஸ்போர்ட் மனுவில் எப்சிபாவை என் மகள் என்றே எழுத நினைத்தேன். தாய் தகப்பன் இல்லாத என் தங்கை பிள்ளை, பேச்சு வந்த நாள் முதல் என்னைத்தான் அப்பா என்கிறாள். நீதான், "உள்ளதை எழுதுங்கண்ணே, கர்த்தர் பாத்துக்குவாரு" என்றாய். தங்கை மகள் என்று எழுதினேன். ஆபீசில் அவள் பெயரை அடித்துவிட்டார்கள். அவளுக்குத் தனி அனுமதிக் கடுதாசி வேண்டுமாம். எட்டு வயதுப் பிள்ளையை உன் வீட்டில் விட்டுவிட்டு வந்தேன். ரயிலடியில் அவள் அழவே இல்லை, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

சரி, கோபத்தை எழுதியாயிற்று. எப்சியின் இடுப்பிலிருந்து கணுக்கால் வரை நூல் பிடித்து அனுப்பு. சுப்பம்மா பாவாடை தைத்து வைக்கப் போகிறாளாம்.

உன் அண்ணன்
பொன்னுத்துரை


ஹட்டன்
5-5-1973

சமாதானத்தின் தேவன் உங்கள் இருவரோடும் இருப்பாராக, அண்ணே.

கடிதம் கண்டோம். உங்கள் கோபம் நியாயம்தான். எழுதிக் காட்டினீர்களே, அதற்கு ஸ்தோத்திரம். உள்ளே பூட்டி வைத்திருந்தால் பழையபடி போத்தலைத் தேடியிருப்பீர்கள்.

பிள்ளை சுகம். என் மனைவியோடுதான் படுக்கிறாள். காலையில் கோழி திறந்துவிடுவது அவள் வேலை. ஜெபம் பண்ணும்போது ஒரு கண்ணைத் திறந்து பார்க்கிறாள். நான் எப்படிக் கண்டேன் என்று கேட்காதீர்கள்.

அங்கே தனியாக உட்கார வேண்டாம் அண்ணே. பக்கத்தில் ஓர் ஆளைப் பாருங்கள். நம் சபைக்காரனாக இருக்க வேண்டும் என்றில்லை, பொய் சொல்லக் கூச்சப்படுகிறவனாக இருந்தால் போதும். ஆனால் கேள்வியை இருவரும் கேட்க வேண்டும். ஒருவன் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் அது கங்காணி வேலை.

நூல் இதோடு இருக்கிறது. மிச்சத்தை எப்சியே எழுதுகிறாள்.

தம்பி
கொர்னேலியஸ்

அப்பா கறுப்புக் கோழி எனக்குத்தானாம் மாமா சொல்லிட்டாங்க. பாவாடைக்குப் பை வைக்கச் சொல்லுங்க. எப்ப என்னைக் கூட்டிக்கிட்டுப் போவீங்க. எப்சி.


பந்தலூர்
17-11-1973

அன்பான தம்பிக்கு,

ஆள் கிடைத்துவிட்டார். தோட்டத்து லாரி ஓட்டுகிற வெள்ளியங்கிரி, மேட்டுப்பாளையத்துக்காரர், நெற்றி நிறைய விபூதி. "ஏனுங்க, சனிக்கெழமையானா அந்தப் பாறை மேல தனியா உக்காந்து என்னங்க பண்றீங்க?" என்று கேட்டார். சொன்னேன். ஒரு பீடியை அடி வரை இழுத்து முடித்தார். பிறகு, "என்ர அப்பன் செத்தப்ப நான் ஊட்டுக்குப் போகலீங்க. லீவு கெடைக்கலைன்னு ஊரெல்லாம் சொன்னனுங்க. லீவே கேக்கலீங்க" என்றார். அன்றிலிருந்து வாராவாரம் வருகிறார். எப்சியின் கடுதாசிக்காக என்னை மூன்று தரம் ஊட்டி வரை கூட்டிப் போனதும் அவர்தான்.

நான் இந்த வாரம் மறைத்தது: சாராயக் கடை வாசல் வரை போனேன். உள்ளே போகவில்லை.

சிலோனில் மாவுக்குத் தட்டுப்பாடு என்று இங்கே பேசிக்கொள்கிறார்கள். பிள்ளைக்குச் சாப்பாடு எப்படி? பாவாடை தைத்தாயிற்று, பையும் வைத்தாயிற்று. வளர்கிற பிள்ளை என்று கீழே மடிப்பு விட்டிருக்கிறாள் சுப்பம்மா. புதிதாக நூல் பிடித்து அனுப்பினால் அந்த அளவுக்கு அவிழ்த்துவிடுவாள்.

உன் அண்ணன்
பொன்னுத்துரை


ஹட்டன்
2-3-1974

அன்புள்ள அண்ணே,

தாமதத்துக்கு மன்னியுங்கள். இங்கே கஷ்டம்தான். வேலை நாள் குறைந்துவிட்டது, மாவும் சரியாகக் கிடைப்பதில்லை. மற்றபடி எல்லாரும் சுகம். எப்சிக்கு விரலில் முள் குத்திவிட்டது, அதனால் இந்த முறை எழுதவில்லை.

நூல் வைத்திருக்கிறேன். இரண்டு விரற்கடை வளர்ந்திருக்கிறாள். வெள்ளியங்கிரிக்கு என் வணக்கம் சொல்லுங்கள்.

கொர்னேலியஸ்


பந்தலூர்
10-8-1974

அன்பான தம்பிக்கு,

கடுதாசி வந்துவிட்டது! எப்சிபாவின் பெயர் போட்டு, முத்திரை குத்தி, என் கையில் இருக்கிறது. வெள்ளியங்கிரி அதை லாரிக் கண்ணாடியில் சாய்த்து வைத்துத் தோட்டம் முழுக்க ஹாரன் அடித்துக்கொண்டு போனார். தோட்டத்துத் துரையிடம் திட்டு வாங்கினோம். வாங்கினால் வாங்கிவிட்டுப் போகிறோம்.

செப்டம்பர் கடைசியில் நம் தோட்டத்திலிருந்து யாராவது கப்பலேறுவார்கள், அவர்களோடு அனுப்பு. கடுதாசியின் நகல் இதில் இருக்கிறது. நான் ராமேஸ்வரம் கரையிலேயே நிற்பேன். போன கடிதத்தில் அவள் ஒரு வரிகூட எழுதவில்லை. அப்பன்மேல் கோபமா? வந்து திட்டட்டும், கேட்டுக்கொள்கிறேன். சுப்பம்மா மடிப்பை உன் நூல் அளவுக்கு அவிழ்த்துவிட்டாள்.

உன் அண்ணன்
பொன்னுத்துரை


ஹட்டன்
31-8-1974

அண்ணே,

எப்சி இல்லை. ஜனவரி பத்தொன்பதாம் தேதி, சனிக்கிழமை விடியும்போது போய்விட்டாள். வயிற்றோட்டம். மரவள்ளியும் கீரையும் மட்டுமே தின்ற உடம்பு, ஐந்து நாள்கூடத் தாங்கவில்லை. தோட்டத்தில் ஒரு போத்தல் மருந்து கொடுத்தார்கள். கறுப்புக் கோழியை அடித்துச் சாறு வைக்கிறேன் என்றேன். வேண்டாம் மாமா என்று அழுதாள். நான் கேட்கவில்லை, அடித்தேன். ஒரு வாய்தான் குடித்தாள். உங்கள் தங்கைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறோம்.

அன்றே எழுத உட்கார்ந்தேன். உள்ளதை எழுதுங்கள் என்று உங்களுக்குச் சொன்னவன் நான். அந்த ஒரு வார்த்தையால்தான் பிள்ளை இங்கே நின்றாள், இங்கே செத்தாள் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. நீங்கள் நூல் கேட்டிருந்தீர்கள். பழைய அளவு எனக்குத் தெரியும், அதோடு இரண்டு விரற்கடை கூட்டி நானே வெட்டினேன். வெட்டி முடிக்கும் வரை அவள் உள்ளறையில் இருப்பது போலவே இருந்தது அண்ணே.

கோயிலில் வேதம் வாசிப்பதை நிறுத்திவிட்டேன். கேட்டால் தொண்டை சரியில்லை என்கிறேன். நீங்கள் பதில் எழுத வேண்டாம். அதைக் கேட்க எனக்கு முகம் இல்லை.

கொர்னேலியஸ்


பந்தலூர்
19-10-1974, சனிக்கிழமை

கொர்னேலியஸ்,

உன் கடிதம் வந்து ஐந்து சனிக்கிழமை ஆகிறது. முதல் வாரம் உன்னைச் சபித்தேன். இரண்டாம் வாரம், கடையைத்தான் மூடிவிட்டார்களே, கள்ளச் சாராயம் விற்கிற குடிசைக்கு உள்ளேயே போனேன். வெள்ளியங்கிரி வந்து இழுத்துக்கொண்டு போனார். "ஏனுங்க, நீங்க குடிச்சுப்போட்டு உழுந்துட்டா நான் யாருகிட்டப் போய்ச் சொல்றதுங்க?" என்று அந்த மனுஷன் அழுதார்.

மனுவில் எழுதியது என் கை. அதற்காக உன்மேல் கோபம் இல்லை. ஆனால் என் பிள்ளை மண்ணுக்குள் இருக்க, எட்டு மாதம் அவள் வருவாள் என்று சிரித்துக்கொண்டிருந்தேனே, அதை மன்னிக்க முடியவில்லை. மன்னித்தேன் என்று இன்றைக்கு எழுதினால் அது பொய்.

கேள்வியை இருவரும் கேட்க வேண்டும் என்று எழுதியிருந்தாய். இங்கு வந்த நாள் முதல் நான் என் பதிலை மட்டும்தான் எழுதினேன். உன்னை ஒரு தரம்கூடக் கேட்கவில்லை. நீதான் நேரான ஆளாயிற்றே, உனக்கு என்ன மறைக்க இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

நான் இந்த வாரம் மறைத்தது: சுப்பம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. கப்பல் தள்ளிப் போயிருக்கிறது என்றே ஐந்து வாரமாகச் சொல்கிறேன். பாவாடையைத் துவைத்துக் கொடியில் போட்டிருக்கிறாள். நேற்று அதைப் பிடித்துப் பார்த்து, "இன்னும் வளந்திருப்பாளோ?" என்று கேட்டாள். நானும் பக்கத்தில் போய் விரலை வைத்து அளந்து, "ஒரு விரக்கடை இருக்கும்" என்றேன்.

சொல்லிவிட்டு வெளியே வந்து உட்கார்ந்தேன். நீ எப்படி அந்த நூலை வெட்டியிருப்பாய் என்று அப்போதுதான் தெரிந்தது.

இதைத் தபாலில் போட்டுவிட்டு நேரே வீட்டுக்குப் போய் அவளிடம் சொல்லப் போகிறேன். வெள்ளியங்கிரி வாசல் வரை வருகிறேன் என்றிருக்கிறார்.

இன்று சனிக்கிழமை, தம்பி. இந்த வாரம் எதை மறைத்தாய்?

அண்ணன்
பொன்னுத்துரை