பிளக் யார் கையில்?

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நான் உயிரோடு, சௌக்கியமாக இருக்கிறேன். அங்கே நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று கேட்கத்தான் உட்கார்ந்தேன். ஆனால் நம் பெயிண்டரிடம் நீ ஒரு பேச்சுச் சொல்லியனுப்பியிருக்கிறாய். "மிச்சத்தையும் வந்து முடிச்சிட்டுப் போறேன்" என்றாயாமே. வராதே. இதை முழுக்கப் படி, அப்புறம் குதி.

உன் மாமா சாகவில்லை. வலது கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும் மிஞ்சின. நடு மூன்றும் போயின. மரத்தூளைக் கிளறி அவற்றைப் பொறுக்கி, ஐஸில் வைத்து, ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போனதும் நான்தான். ஒட்டவில்லை.

நீ ஓடிய பிறகு நம் மரப்பட்டறைக்கு விசாரணை வந்தது. மறுபயிற்சி வகுப்பு எடுத்த வாத்தியாரையும் கூப்பிட்டிருந்தார்கள். "காலையிலதான் சார் படிச்சுப் படிச்சு சொன்னேன்" என்று பாவம், அழாத குறை. அவர் சொன்னது உனக்கும் நினைவிருக்கும். மரம் அறுக்கும் மிஷினில் பிளேடு மாற்றுகிறவன் பிளக்கைப் பிடுங்கித் தன் மடியில் வைத்துக்கொள்ள வேண்டும், "பொண்டாட்டி கேட்டாலும் குடுக்கக்கூடாது" என்றார். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். உன் மாமா மட்டும், இத்தனை வருஷம் மிஷின் பிடித்தவனுக்கு அரிச்சுவடியா என்று கொட்டாவி விட்டார். மதியமே பிளக்கைப் பிடுங்கிப் பக்கத்தில் எறிந்துவிட்டு, சுவிட்சை அமுக்கிப் பிடிக்கச் சோம்பல்பட்டு, அது ஆனிலேயே இருக்கச் சுற்றிவைத்த டேப்பைக்கூடப் பிரிக்காமல், பிளேடில் கை வைத்தார்.

பிளக் உன் காலடியில் கிடந்தது. முந்தின நாள் அவர் பெல்ட்டால் விளாசிய தடம் என் கழுத்தில் இருந்தது. காலரை எவ்வளவு தூக்கிவிட்டும் மறையவில்லை. நீ அதைப் பார்த்தாய். பிறகு அவர் கையைப் பார்த்தாய். பிளேடு ஒரு தடவைதான் உறுமியது. சுவரில் வாத்தியார் ஒட்டிவிட்டுப் போன பாதுகாப்புப் படம்வரை ரத்தம் தெறித்தது.

அதிகாரி என்னைக் கேட்டார். பிளக் உன் மாமா மடியில் இல்லை, டேப்பைச் சுற்றியதும் அவரே என்றேன். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. விபத்து என்று எழுதி முடித்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்தவர், கட்டுப் பிரிக்கும் முன்பே இடது கையைப் பழக்க ஆரம்பித்தார். தம்பியை ஏவிவிட்டதே நான்தானாம். முடியைக் கொத்தாகப் பிடித்துக் கதவு நிலையில் மோதினார். ஒரு பல் விழுந்தது, இன்னொன்று ஆடுகிறது. கைக்கு அகப்பட்டது அலமாரியில் இருந்த டிரில்லிங் மிஷின். எடுத்து நின்றேன். "பிளக்கே மாட்டல, என்னத்தடி கிழிக்கப் போற?" என்று சிரித்தார். மாட்டவில்லைதான். பிளக் என் இடது கையில் இருந்தது. நான் வகுப்பை ஒழுங்காகக் கவனித்தவள். மிஷினைத் திருப்பி, கனத்த பின்பக்கத்தால் முழங்காலில் ஓங்கிப் போட்டேன். எலும்பு நொறுங்கிய சத்தம் கேட்டது. விழுந்தான். ஆமாம், விழுந்தான் என்றே எழுதுகிறேன். 'விழுந்தார்' என்று எழுத இனி எனக்குக் கை வராது.

சந்தோஷமாக இருந்ததா என்று கேட்டால், இருந்தது. பிறகு வாசலில் உட்கார்ந்து குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தேன். அந்தச் சத்தம் இன்னும் காதை விட்டுப் போகவில்லை.

இப்போது நம் பட்டறையில் பாலிஷ் போடுகிற அக்காவின் அறையில் இருக்கிறேன். குறட்டைதான் தாங்க முடியவில்லை, மற்றபடி தங்கமான மனுஷி. போலீசில் புகார் கொடுத்தாகிவிட்டது. நான் அடித்ததையும் சேர்த்தே சொன்னேன். நான் இனி அந்த வீட்டுப் படி ஏற மாட்டேன். ஆகவே நீ வந்து முடிக்க இங்கே ஒன்றும் மிச்சமில்லை.

உன்னிடம் ஒன்று கேட்க நாக்கு துடிக்கிறது. கேட்க மாட்டேன். நீயும் எழுதிவிடாதே.

புதுப் பட்டறையில் நல்ல பேர் எடு, நன்றாக இரு. ஆனால் பிளக்கைச் சொருகும் முன் அடுத்தவன் கை எங்கே இருக்கிறது என்று பார். பிளேடில் இருந்தால் பிளக்கைக் கீழே வை. அது எவன் கையாக இருந்தாலும் சரி, கீழே வைத்துவிடு, கண்ணா.

உன்னைத் தூக்கி வளர்த்த
அக்கா