கூரையிலிருந்து விழுந்த இரண்டு பேர்

இன்று காலை கம்பெனியில் தலைக்கு மேலே அந்தச் சத்தம் கேட்டது. சிமெண்ட் ஷீட்டின் மேல் ஆள் நடக்கும் சத்தம். வெளியே ஓடிப்போய்ப் பார்த்தேன். ஒழுகும் இடத்தில் தார்ப்பாய் போட ஏறிய ஒருவர், இடுப்பில் கயிறு இல்லாமல், ரப்பர் செருப்போடு நின்றுகொண்டிருந்தார். இறங்கச் சொன்னேன். "இன்னா சார், தெனம் ஏறுற கூரதான சார்" என்றார். நான் போட்ட கூச்சலில் இறங்கிவிட்டார். அதற்குப் பிறகு எனக்கு வேலை ஓடவில்லை. நீ போய் நான்கு மாதம் ஆகிறது. மதியச் சாப்பாட்டைத் திறக்காமல் உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நீயும் அன்றைக்கு அப்படித்தான் ஏறினாய். திருமழிசையில் நாம் சேர்ந்து வேலை பார்த்த அந்தச் சின்னப் பட்டறையில், மெஷின் மேல் மழைத்தண்ணீர் சொட்டுகிறது என்றார் சூப்பர்வைசர். "வுடு, நான் பாத்துகிறேன்" என்று ஏணியை எடுத்தாய். நீ ஃபிட்டர், கூரை உன் வேலையே இல்லை. அங்கே அதையெல்லாம் யார் பார்த்தார்கள்? ஷீட் உடைந்த சத்தத்துக்கு நான் திரும்புவதற்குள் நீ தரையில் மல்லாந்து கிடந்தாய்.

"முதுவு போச்சு மச்சான்" என்றாய். பேச்சு தெளிவாக இருந்தது. உன் வலது கால் கட்டைவிரல் இரண்டு முறை அசைந்தது. அதை நான் பார்த்தேன்.

"தூக்குங்கடா, தூக்குங்கடா" என்று யாரோ கத்தினார்கள். ஆம்புலன்ஸைக் கூப்பிட எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. நான்கு பேர் தூக்கினோம். அக்குளில் கைகொடுத்தவன் நான். சரக்கு ஆட்டோவில் படுக்கவைக்க இடம் இல்லை. முழங்காலை மடக்கி, உன்னை உட்காரவைத்து, என் மார்பில் சாய்த்துக்கொண்டேன். பூந்தமல்லி போகும் வழியில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் நீ அலறினாய். ஒரு பெரிய பள்ளத்துக்குப் பிறகு அலறல் நின்றது. "காலு எங்கடா? காலையே காணோம்" என்றாய். வலி குறைந்துவிட்டது என்று நினைத்து எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

ஒன்றரை மாதம் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பினார்கள். உன் கட்டில் காலியாவதற்காக இன்னொரு நோயாளி வராந்தாவில் காத்திருந்தார். மாத்திரைச் சீட்டு கொடுத்தார்கள், மாதம் ஒருமுறை வரச் சொன்னார்கள். சீட்டு எழுதிய டாக்டர் பெண்ணுக்குக் கண்ணெல்லாம் சிவந்திருந்தது; அவர் தூங்கி எத்தனை நாளாயிற்றோ. இனி நீ எப்படி வாழ வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. உன் வீட்டு வாசலில் மூன்று படி. அந்த மூன்று படியோடு உனக்கு ஊர் முடிந்துபோனது. சக்கர நாற்காலி அதைத் தாண்டாது, கக்கூஸ் கதவுக்குள்ளும் நுழையாது. உன் மனைவி செல்விதான் எல்லாம் செய்தாள். ஞாயிற்றுக்கிழமை நான் வந்து உன்னைத் தூக்கிக் குளிக்க வைத்தேன். வாரத்துக்கு வாரம் நீ இளைத்தாய். எனக்கு மட்டும் தூக்குவது கனத்துக்கொண்டே போனது.

நீ விழுந்த நான்காவது வருடம் புதுக் கம்பெனி என்னை இரண்டு மாதம் ஜெர்மனிக்கு அனுப்பியது. அங்கே முதல் நாள் மெஷினையே காட்டவில்லை. தரையில் ஒரு பொம்மையைப் போட்டு வகுப்பு எடுத்தார்கள். விழுந்தவரைத் தூக்காதே, மடக்காதே, முதுகெலும்பு உடைந்திருந்தால் உள்ளே நரம்பு நசுங்கிவிடும்; ஆம்புலன்ஸ் ஆள் வரும்வரை தலையை அசையாமல் பிடித்துக்கொள். ஒரு தொழிலாளி விடாமல் எல்லாரும் முட்டிபோட்டுச் செய்து காட்ட வேண்டும். என் முறை வந்தபோது பொம்மையின் அக்குளுக்குப் போன கையை இழுத்துக்கொண்டேன். பழக்கதோஷம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

அங்கே ஸ்டோரில் பீட்டர் என்று ஒருவர், சக்கர நாற்காலியில். அவரும் கூரையிலிருந்து விழுந்தவர்தான். உனக்கு உடைந்த அதே இடம். நம்ப மாட்டாய், காலையில் தானே கார் ஓட்டிக்கொண்டு வேலைக்கு வருவார். விழுந்த அன்று அவரை யாரும் தொடவில்லையாம். பலகையில் கட்டி ஹெலிகாப்டரில் கொண்டுபோனார்களாம். அப்படியும் கால் வரவில்லை. ஆனால் குளிப்பது, கட்டிலுக்கு மாறுவது, கார் ஓட்டுவது என்று மாதக்கணக்கில் கற்றுக்கொடுத்துத்தான் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். பேச்சுக்கு நடுவே அடிக்கடி இரண்டு கையையும் ஊன்றி உடம்பை மேலே தூக்குவார். ஏன் என்று கேட்டேன். "ஒரே இடத்தில் அழுந்திப் புண் வராமலிருக்க" என்றார். அவ்வளவுதான். அதற்கு மெஷின் வேண்டாம், மருந்து வேண்டாம். சொல்ல ஒரு ஆள் இருந்தால் போதும்.

திரும்பி வந்ததும் செல்வியிடம் சொன்னேன்: இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் போடணும் தங்கச்சி. அதற்குள் உன் இடுப்புப் புண்ணில் எலும்பு தெரிந்தது. அவள் கையிலிருந்த பஞ்சைப் பார்த்துக்கொண்டே, "நாலு வருசம் கழிச்சி சொல்றியேண்ணே" என்றாள்.

உன்னிடம் பீட்டரைப் பற்றிச் சொன்னேன். கார் சாவியை எங்கே மாட்டியிருப்பார் என்பது வரை விசாரித்தாய். பிறகு, "நானும் அவனும் ஒரே மாரிதான வுழுந்தோம்?" என்று கேட்டாய். நான் தண்ணீர் குடிக்க எழுந்து போய்விட்டேன். அந்தப் பொம்மையைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. ஒரு வருடம் சொல்லவில்லை.

சொன்ன அன்று உனக்குக் காய்ச்சல். புண்ணைத் துடைத்துவிட்டுச் செல்வி கடைக்குப் போயிருந்தாள். உன் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன். "உன் கட்டைவிரல் ஆடிச்சுடா. நான் பாத்தேன். தூக்கி மடக்கினது நான்தான்."

நீ கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

"தெரியும் மச்சான்" என்றாய். "என் காலு, எனக்குத் தெரியாதா? ஆட்டோல வரசொல்லதான், அந்தப் பெரிய பள்ளத்துல, காலு வுட்டுச்சி."

"அஞ்சு வருசமா ஏன்டா சொல்லல?"

"சொன்னா நீ வரமாட்ட. வந்துகினு இருக்கிறது நீ ஒருத்தன்தான்."

அந்தக் காய்ச்சல் விட்டது. அடுத்த வருடம் வந்த காய்ச்சல் விடவில்லை.

அந்தப் பதிலை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ளலாமா என்று பலமுறை யோசித்திருக்கிறேன். அப்படி எடுத்துக்கொள்ள எனக்கு உரிமை இல்லை. உனக்கு என்னைத் திட்டக்கூட வசதி இல்லாமல் இருந்தது, அவ்வளவுதான். பீட்டராக இருந்திருந்தால் கெட்ட வார்த்தையில் திட்டிவிட்டுக் கார் எடுத்துக்கொண்டு போயிருப்பாய். அந்தக் கோபத்தை நீ ஐந்து வருடம் வாய்க்குள்ளேயே வைத்திருந்தாய். இப்போது அது என்னிடம் இருக்கிறது. கனமாகத்தான் இருக்கிறது. இறக்கி வைக்க இடம் தெரியவில்லை. தேடும் தெம்பும் இல்லை.