கொம்பியூட்டர் திருத்த வந்தவர்

ஃப்ரிபூர்க்
சுவிற்சர்லாந்து
21.11.1999

அன்பின் பெர்னடெற்றுக்கு,

சுகம் விசாரித்து எழுதினால் நீர் பதில் போடுவதில்லை. ஆகையால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். நான் வீட்டில் விட்டுவந்த கொம்பியூட்டர் பழையது. ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்களைத்தான் அது வைத்திருக்கும். ஜனவரி முதலாம் திகதி இரண்டு பூச்சியம் வந்ததும் எந்த ஆண்டென்று தெரியாமல் குழம்பிவிடும். உள்ளே இருப்பவை அழிந்தும் போகலாம். நான் வேலை செய்யும் ஹோட்டலில் ஆள் வந்து எல்லாவற்றையும் திருத்திவிட்டுப் போய்விட்டான். வருகிற சனிக்கிழமை நான் வந்து செய்து தருகிறேன். அதுவரை றோஷினி அதில் கை வைக்கக் கூடாது.

அப்படியே நத்தார்ப் பண்டிகைக்கு நான் வீட்டுக்கு வருவதைப் பற்றியும் கதைக்கலாம். கணவனும் மனைவியும் பிரிந்து இருந்தது போதும்.

சவிரிமுத்து


எம்மன்புரூக்கே
25.11.1999

றோஷினியின் அப்பாவுக்கு,

வரவேண்டாம். சனிக்கிழமை எனக்கு உடுப்புத் தோய்க்கும் லோண்டரியில் வேலை.

கொம்பியூட்டரைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தபடி றோஷினியே திகதியை இரண்டாயிரத்துக்குத் தள்ளிப் பார்த்தாள். 1980 என்று காட்டியது. கையால் ஒருமுறை மாற்றிவிட்டால் போதுமாம். பல் டொக்டர்களிடம் தொழில் பழக இடம் கேட்டு அவள் எழுதிய விண்ணப்பங்கள் எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. பிளாப்பி டிஸ்கில் பிரதி எடுத்து வைக்கப் போகிறாள்.

நத்தாரைப் பற்றிக் கதைக்க ஒன்றுமில்லை. சோற்றுக் கோப்பையைச் சுவரில் எறிந்துவிட்டு, "நான் இல்லாட்டி இந்த வீடு ஒரு கிழமையும் ஓடாது" என்று சொல்லிப் போனீர்கள். ஓடுகிறது.

பெர்னடெற்


எம்மன்புரூக்கே
28.11.1999

சவிரிமுத்து அவர்களுக்கு,

நான் வேலைக்குப் போன நேரம் பார்த்து நேற்று வந்திருக்கிறீர்கள். "அப்பா திருத்திக்கொண்டு வந்து தாறன், பிள்ளை" என்றீர்களாம். அவளும் நம்பி வயர்களைக் கழற்றித் தந்து, படியால் இறக்கி, காரில் ஏற்றவும் உதவியிருக்கிறாள். "காரை மெதுவா ஓடுங்கோ அப்பா, ஆடினால் பழுதாப்போடும்" என்று வேறு சொல்லி அனுப்பியிருக்கிறாள்.

பிளாப்பியில் இன்னும் எதுவும் எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை விண்ணப்பங்களை அனுப்ப வேண்டும். அதற்கு முன் கொம்பியூட்டர் இங்கே வரவேண்டும்.

பெர்னடெற்


ஃப்ரிபூர்க்
30.11.1999

பெர்னடெற்,

அது நான் வாங்கிய சாமான். எடுத்துப்போக எவரிடமும் உத்தரவு கேட்கத் தேவையில்லை. திருத்தியாகிவிட்டது. இப்போது 2000 என்று ஒழுங்காகக் காட்டுகிறது. றோஷினியின் விண்ணப்பங்களும் பத்திரமாக இருக்கின்றன.

நத்தாருக்கு வரச்சொல்லி ஒரு வரி எழுதும். அடுத்த நாளே கொண்டுவந்து வைக்கிறேன். மூன்று பேரும் பழையபடி ஒன்றாகக் கோயிலில் நடுச்சாமப் பூசைக்குப் போவோம். எழுதாவிட்டால் அது இங்கேதான் இருக்கும். பிள்ளையின் எதிர்காலம் கெட்டால் அது உம்முடைய வீம்பால் கெட்டதென்று அவளுக்கு நானே சொல்வேன்.

சவிரிமுத்து


எம்மன்புரூக்கே
12.12.1999

சவிரிமுத்து அவர்களுக்கு,

நீங்கள் சொல்லத் தேவையில்லை. உங்கள் கடிதத்தை றோஷினியே வாசித்துவிட்டாள். மறைத்து வைக்கத்தான் பார்த்தேன், அவள் விடவில்லை. "அப்ப அப்பா திருத்தவெண்டு கொண்டுபோகேல்லையோ?" என்று கேட்டாள்.

பள்ளிக்கூடத்துக் கொம்பியூட்டரில், என்னையும் பக்கத்தில் இருத்திக்கொண்டு, எல்லா விண்ணப்பங்களையும் முதலில் இருந்து எழுதினாள். தாய் தகப்பன் பெயர் எழுதும் இடத்தில் நிறுத்தி, "அப்பாவின்ர பேரும் போடுறதோ, அம்மா?" என்றாள்.

"போடு. அவர்தானே உன்ர அப்பா."

போட்டாள். வெள்ளிக்கிழமையே தபாலில் சேர்த்தோம். ஒரு டொக்டர் அவளை வந்து பார்க்கச் சொல்லியிருக்கிறார்.

பிள்ளையைப் பார்க்க ஆசையாக இருக்கிறது என்று ஒரு சொல் எழுதியிருந்தால், எனக்கு எவ்வளவு கோபம் இருந்தாலும் நத்தாருக்குக் கதவைத் திறந்திருப்பேன். நீங்கள் பிள்ளையின் சாமானைப் பிடித்து வைத்துக்கொண்டு விலை பேசினீர்கள். கொம்பியூட்டர் உங்களிடமே இருக்கட்டும். இனி எங்களுக்கு அது வேண்டாம்.

நேற்று நீங்கள் போன் எடுத்தபோது றோஷினி வெளியில் போய்விட்டாள் என்றேன். அது பொய். என் பக்கத்தில்தான் நின்றாள். ரிசீவரை நீட்டினேன். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

பெர்னடெற்