எழுதிக் கொடுத்தால்தான் தொடுவேன்

கோர்படி, புனே
ஆகஸ்ட் 24, ஞாயிறு

அன்புள்ள ரஞ்சுவுக்கு, அம்மா ஆசையோடு எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம், என் இடுப்பு மட்டும் சௌக்கியமில்லை, காரணம் கீழே வருகிறது. கால்கரியில் நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். போனில் சொன்னால் பாதியில் மீட்டிங் என்று வைத்துவிடுவாய், அதனால்தான் கடிதம். எழுத்துக்கூட்டிப் படிக்க உனக்கு நேரமாகும், ஆகட்டும்.

எங்கள் மையத்துக்கு இன்னொரு வருஷம் அரசு நிதி வந்துவிட்டதடி! ஆர்டரைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறையில் ஒரு சுற்று ஆடினேன், சாம்பார் அடிப்பிடித்தது, அப்பா அதையும் சாப்பிட்டார். ரிட்டயரான பிறகு சும்மா இருக்க முடியாமல் நாலு டீச்சர்கள் சேர்ந்து ரயில்வே காலனியில் நடத்துகிறோமே, அந்தச் சாயங்கால மையம்தான். கேஸில் மாட்டிய சிறுபிள்ளைகளைச் சிறார் நீதி வாரியம் எங்களிடம் அனுப்பும், அக்கம்பக்கத்துப் பிள்ளைகளும் வருவார்கள், யார் எந்த வகை என்று வெளியே மூச்சு விடமாட்டோம். பாடம், கவுன்சிலிங், கணபதி ஊர்வலத்துக்கு இடுப்பில் கட்டி அடிக்கும் டோல் மேளப் பயிற்சி. நிதி நின்றால் மையத்துக்குப் பூட்டு, இருபத்திரண்டு பிள்ளைகளும் பழையபடி தெருவில்.

போன மாசம் இன்ஸ்பெக்‌ஷனுக்கு ஒரு அதிகாரி ஸ்கூட்டரில் வந்தார். டோல் அடித்தால் திருட்டு குறையுமா என்று கேட்டார். ஏழிலிருந்து ஒன்பது வரை இரண்டு கையும் டோலில்தான் இருக்கிறது சார், அந்த நேரத்துக்கு நான் கியாரண்டி என்று என் ஓட்டை மராத்தியில் சொன்னேன். சொன்ன வேகத்தில் நானும் ஒரு டோலை இடுப்பில் கட்டிக்கொண்டேன், இப்போது புரிகிறதா வலி? பிள்ளைகள் அவரையும் இழுத்துவிட்டார்கள், மனுஷன் குதித்த குதியில் ஸ்கூட்டர் சாவி சேற்றில் எங்கோ விழுந்துவிட்டது. அரை மணி தேடியும் இல்லை. சாவி இல்லாமல் கிளப்பத் தெரிந்தவன் யாராவது உண்டா என்று அவர் சிரித்துக்கொண்டே கேட்டாரே பார்க்கணும்! எல்லார் கண்ணும் ஒருத்தன் மேல். சட்டப்படி பேர் எழுதக்கூடாது, அம்பி என்று வைத்துக்கொள். அவன் கேஸே அதுதான். நானும்தான் அவனைப் பார்த்தேன், வெட்கமாக இருக்கிறது. நிதி போச்சு என்றே நினைத்தேன். அம்பி முன்னால் வந்து, தெரியும் சார், ஆனால் நீங்கள் எழுதிக் கொடுத்தால்தான் தொடுவேன் என்றான்!

அதிகாரி கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அங்கேயே ஒரு தாளில் அனுமதி எழுதி, தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டார். வாழைப்பழம் உரிக்கும் நேரத்தில் வண்டி கிளம்பிவிட்டது. அந்தத் தாளை அம்பி பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்திருக்கிறான், அவன் பேருக்கு வந்த சர்க்கார் காகிதத்தில் கேஸ் இல்லாதது அது ஒன்றுதான். புது ஆர்டரில் டூவீலர் மெக்கானிக் பயிற்சிக்கும் சேர்த்து நிதி ஒதுக்கியிருக்கிறார்கள், யார் வேலை என்று நான் சொல்ல வேண்டுமா?

புதன்கிழமை பிள்ளையார் வருகிறார், அவர் புண்ணியத்தில் நீங்கள் இரண்டு பேரும் ஒரு குறையும் இல்லாமல் இருங்கள். இரும்புச்சத்து மாத்திரையை மறக்காதே. டோல் கோஷ்டியின் போட்டோ ஒன்று இதோடு வைத்திருக்கிறேன், அம்பி எவன் என்று மட்டும் கேட்காதே. அப்பா அடம்பிடித்து ஒருவனைக் காட்டி, முழியைப் பார்த்தாலே தெரிகிறதே, இவன்தான் என்றார். அது நம் அபார்ட்மெண்ட் சொசைட்டி செக்ரட்டரி பையன்.

உன் அம்மா,
விசாலம்
(டோல், இரண்டாம் வரிசை)