விரல் மரத்திருக்கிறதா என்று நீ கேள்

அன்பு மகள் தேவிப்பிரியாவுக்கு,

ராயபுரத்திலிருந்து அப்பா எழுதுவது. அந்தக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நலம் என்று எழுத மனசு வரவில்லை. போனில் சொல்ல வரவில்லை, அதனால் எழுதி போட்டோ எடுத்து அனுப்புகிறேன்.

உன் அம்மாவை மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது கண்ணு. நெஞ்சில் வைத்த ஸ்டென்ட் நன்றாகத்தான் இருக்கிறதாம். கோளாறு தொடையிடுக்கில், அதை வைக்க டியூப் விட்ட இடத்தில். ரத்தக்குழாயில் போட்ட ஓட்டை மூடாமல் கசிந்து எலுமிச்சை அளவுக்கு வீங்கி, தொட்டால் நாடி மாதிரித் துடிக்கிறது. இவள் நெறி கட்டியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, அந்த இடத்தை ஆம்பளை டாக்டரிடம் எப்படிக் காட்டுவது என்று வெட்கப்பட்டு, நம் குடோனில் ஜட்டிக்கு வைக்கிற எலாஸ்டிக்கை எடுத்துச் சேலைக்குள் இறுக்கிக் கட்டிக்கொண்டு நடமாடியிருக்கிறாள். இந்த வெயிலில் ஒரு கால் மட்டும் குளிருகிறது என்று போர்வை கேட்டாள், தொட்டால் ஐஸ். அப்போதுதான் எனக்கே தெரியும்.

ஸ்கேனில் பார்த்துக்கொண்டே ஊசி போட்டார்கள், ஓட்டை பாதிதான் அடைபட்டது. கசிவு நிற்க ரத்தம் உறைய வேண்டும், அதற்காக ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கிற மாத்திரையை நிறுத்தினால் ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளும். நூல் விலை ஏறினாலும் ஆர்டர் கேன்சலானாலும் பேசி ஒரு வழிக்குக் கொண்டுவந்தவன் நான், இங்கே யாரிடம் பேசுவது. கைகட்டி நிற்கிறேன். கால்விரல் மரத்தாலோ வலி கூடினாலோ உடனே சொல்லுங்கள், திறந்து தைத்துவிடலாம், தாமதித்தால் காலுக்கே ஆபத்து என்கிறார் டாக்டர். நர்ஸ் பிரிசில்லா வந்து வந்து கேட்கிறது. உன் அம்மா, "நல்லா இருக்குதுங்க சாமி, நீங்க போயி சாப்புடுங்க" என்கிறாள். "உசுரு போனாலும் உங்களுக்கு உபசாரம் போவாது போலம்மா" என்று அந்தப் பெண் சிரிக்கிறது. அது திரும்பியதும் இவள் படுக்கை விரிப்பைக் கசக்கிப் பிடிக்கிறாள். வலிக்கிறது என்று நான் நர்ஸிடம் சொன்னால், "அவிய பயந்தவிய, சும்மா சொல்றாங்க" என்று மறுத்துவிடுகிறாள். என்னை, "ஏனுங்க, கடைய யாரு பாக்கறா" என்று விரட்டுகிறாள்.

உனக்குச் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தாள், மீறிவிட்டேன். படித்ததும் அவளுக்குப் போன் செய். விரலை ஆட்டச் சொல், மரத்திருக்கிறதா கேள். நீ கேட்டால் சொல்வாள். சொன்னதை உடனே பிரிசில்லாவிடம் சொல், நம்பரைத் தனியாக அனுப்புகிறேன். அழுதுகொண்டு பட்டினி கிடக்காதே. உங்கள் இருவருக்கும் ஆண்டவன் துணை இருக்கட்டும். மறந்துவிடாதே, வீடியோவில் கூப்பிட வேண்டாம் கண்ணு, உன் முகத்தைப் பார்த்தால் சிரித்தே மழுப்பிவிடுவாள். வெறும் குரலில் கேள்.

இப்படிக்கு,
வார்டு வாசலிலிருந்து
உன் அப்பா நல்லான்